எட்டாம் நம்பர் ரூம்

அந்தச் சேலையைத் தங்கப்பாண்டியன் கொண்டுவந்து கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் அனுப்பிரியா சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் முகத்தில் களைப்பு தெரியவில்லை. இஸ்திரி போட்ட நல்ல சுடிதாரும் இழுத்துப் பின்னிய தலையும் கண்ணுக்கு மையுமாக, ஏதோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி நின்றாள்.

அம்மா பாண்டிலட்சுமி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரியப்பா வாராகன்னா இம்புட்டு அலங்காரமா?"

"சீஃப் கெஸ்ட்டு இல்லையாம்மா. மரியாத பண்ண வேண்டாமா?"

அந்த 'மரியாத'யில் இருந்த முள் அம்மாவுக்குக் குத்தியது.

"நீ கட்டுரை படிக்கத்தான் போற. பரிசு குடுத்தாகன்னா வாங்கிட்டு வந்துரு. யாரையும் எதுலயும் இழுத்து விட்டுராத. நாம பட்டது போதும்."

"நாம பட்டது போதும்தான். அவுக இன்னும் படவே இல்லையே."

அப்பா லட்சுமிகாந்தம் இதையெல்லாம் கேட்டும் கேட்காதவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் தாளில் வண்ணம் பிசகியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. விருதுநகரிலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நூற்றிருபது பேருக்கு வேலை சொன்ன மனிதர், இப்போது போர்மேன் வருவதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அனுப்பிரியாவுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில், அச்சங்குளத்தில் இருந்த அவர்கள் குடும்பத்துப் பட்டாசுக் கம்பெனியில் எட்டாம் நம்பர் ரூம் வெடித்தது. நான்கு பெண்கள் செத்துப்போனார்கள். சரக்கு வாங்குவது, லைசென்ஸ், ஆர்டர் எல்லாம் பெரியப்பா முத்துக்கிருஷ்ணன். மருந்து கலக்க வைப்பதும் ஆட்களைப் பார்ப்பதும் அப்பா. போலீஸ் வந்தபோது பெரியப்பா கோயம்புத்தூரில் இருந்தார். திரும்பி வந்து, 'தம்பி கவனிக்காம விட்டுட்டான்' என்று எழுதிக் கொடுத்தார். அப்பா ஐந்து மாதம் ஜெயிலில் இருந்தார். கேஸ் இன்னும் நடக்கிறது. பெரியப்பா அடுத்த சீசனுக்குள் வேறு பெயரில் கம்பெனி திறந்துவிட்டார்.

அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் பேசாததையெல்லாம் தான் பேச வேண்டும் என்றுதான் அனுப்பிரியா சென்னையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, இங்கேயே பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று அந்த ரூமுக்குள் இருந்தது என்ன மருந்து?

வகுப்பில் அவளுக்கு முன்பே ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தங்கப்பாண்டியன். செத்துப்போன நாலு பேரில் ஒருத்தி அவன் அம்மா இருளம்மாள். முதல் வருடம் முழுக்க, அவள் வந்து உட்கார்ந்தால் அவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவான். இரண்டாம் வருடம் பேராசிரியை கற்பகவல்லி இரண்டு பேரையும் ஒரே புராஜெக்டில் போட்டார். 'பட்டாசுத் தொழிலாளர் உடையில் படியும் வேதிப்பொருட்கள்' என்பது தலைப்பு.

"எனக்கு வேற ஆள் குடுங்க மேடம்" என்று இரண்டு பேருமே தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள்.

"லேப்ல ஆசிட்டுக்கு உன் சாதி சொந்தம் எதுவும் தெரியாது. போய் வேலையப் பாரு" என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார் கற்பகவல்லி.

அப்படி ஆரம்பித்ததுதான். ஆய்வகத்தில் அனுப்பிரியா கரைசல் தயாரிக்கவும், கருவி வரைந்து தருகிற கோட்டைப் படிக்கவும் கற்றாள். அச்சங்குளத்துத் தெருக்களில் வேறு பாடம். நாற்பது வீடு ஏறி இறங்கினார்கள். முதல் வீட்டில் அவள் யார் மகள் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். தங்கப்பாண்டியன் வாசலில் நின்று, "அத்த, நான் இருளம்மா மகன் வந்திருக்கேன்" என்றதும் திறந்தார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் ஆட்கள் பேசுவார்கள் என்று அவள் தெரிந்துகொண்டாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அலுமினியப் பவுடர் ஒட்டிய விரல்களை அவர்கள் விரித்துக் காட்டினார்கள். நாலைந்து பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். அந்த வாரம் வந்த சரக்கு வேறு மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்று, சீனி மாதிரி.

அதற்குப் பிறகுதான் அவன் சேலையைக் கொண்டுவந்தான். வெடிப்புக்கு முந்தின நாள் அவன் அம்மா வேலைக்கு உடுத்திப்போன சேலை. துவைக்காமல், மருந்துத் தூசியோடு, பாலிதீன் பையில் கட்டி மூன்று வருடமாகப் பெட்டியில் வைத்திருந்தான்.

கருவியில் போட்டுப் பார்த்தாள். குளோரேட். கந்தகத்தோடு சேர்ந்தால் லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும் என்று பட்டாசில் சேர்க்கவே கூடாது என எப்போதோ தடை செய்த உப்பு.

இன்று கல்லூரியில் தொழில் பாதுகாப்புக் கருத்தரங்கு. பெரியப்பா தலைமை விருந்தினர்.

ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கற்பகவல்லி கூப்பிட்டார். அவர் கையில் புராஜெக்ட் தாள்கள்.

"இந்த எட்டாவது சாம்பிளுக்கு பிளாங்க் எங்க?"

மருந்தே படாத துணியையும் அதே மாதிரி சோதித்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பிளாங்க்.

"மத்த ஏழுக்கும் பிளாங்க் பண்ணிருக்க. இதுக்கு மட்டும் ஏன் பண்ணல?"

"நேரம் இல்ல மேடம்."

"பொய் சொல்லாத. உனக்கு வேணும்ங்கிற பதில் வந்துருச்சு, அதோட நிறுத்திட்ட." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அவங்க ஊர்த் தண்ணில பிளீச்சிங் பவுடர் போடுறாங்க. அது நாள்பட்டாலும் இதே உப்பு கொஞ்சம் வரும். சேலையில இருக்கிறது மருந்துல இருந்து வந்ததா, தண்ணில இருந்து வந்ததான்னு எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?"

அனுப்பிரியாவுக்குக் காது சூடேறியது. ஒன்பது நாளாக மனசுக்குள் பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

"மூணு மணிக்குத்தான் உன் பேப்பர். அதுக்குள்ள பண்ணு. இல்லன்னா எட்டாவத எடுத்துரு."

கேட்டுக்கொண்டிருந்த தங்கப்பாண்டியன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது, அதே பெட்டியில் இருந்த அம்மாவின் இன்னொரு சேலை அவன் கையில் இருந்தது. வேலைக்கே உடுத்தாதது, அதே தண்ணீரில் துவைத்தது. அதன் முந்தானையில் ஒரு துண்டு வெட்ட வேண்டும். கத்தரியை அனுப்பிரியா நீட்டினாள். அவன் வாங்கி, சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனே வெட்டினான்.

ஒன்றரை மணிக்குக் கருவி கோடு போட்டது. குளோரேட் வர வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. தண்ணீரில் எதுவும் இல்லை. மருந்தில்தான் இருந்திருக்கிறது.

"இப்ப யாரு கேட்டாலும் பதில் சொல்லலாம்" என்றாள் அனுப்பிரியா.

"சொல்லு" என்றான் அவன்.

இரண்டு மணிக்குப் பெரியப்பாவின் கார் வந்தது. வெள்ளைச் சட்டை, சந்தனம், அதே முகப்பவுடர் வாசனை. வாசலில் பூச்செண்டு கொடுக்கிற வரிசையில் அனுப்பிரியாவும் நின்றாள். அவளே கேட்டு வாங்கிய இடம் அது. பெரியப்பா அவள் தலையில் கைவைத்தார்.

"நல்லாருக்கியாத்தா? படிச்சு முடிச்சதும் நம்ம கம்பெனி லேப்புக்கே வந்துரு. வெளிய எங்கயும் அலையாத. உங்கப்பனுக்கும் அது ஒரு ஆறுதலா இருக்கும்."

"கண்டிப்பா பெரியப்பா" என்று சிரித்தாள். சிரிப்பு எளிதாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அரங்கத்தில் முந்நூறு மாணவர்கள். பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசிலோ தீப்பெட்டியிலோ வேலை பார்க்கிறவர்கள். பெரியப்பா முக்கால் மணி நேரம் பேசினார். தொழிலாளி முதலாளிக்குப் பிள்ளை மாதிரி என்றார். "நானும் ஒரு விபத்தப் பாத்தவன். கூடப்பிறந்தவனே அசட்டையா இருந்துட்டா நாம என்ன செய்ய முடியும்" என்று குரலைத் தழைத்தார். யாரோ 'ப்ச்' கொட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் அனுப்பிரியா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இருந்தது.

அவள் முறை வந்தது. முதல் ஏழு மாதிரிகளை நாலு நிமிடத்தில் முடித்தாள். எட்டாவதில் நிறுத்தினாள். திரையில் ஒரு கோடு, நடுவில் செங்குத்தாக ஒரு முகடு. எங்கே எடுத்தது என்று எழுதவில்லை.

"இந்த உப்பப் பத்தி எங்களவிட அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லாருக்கும். நம்ம சீஃப் கெஸ்ட் ஐயா முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காங்க. ரெண்டு வார்த்த சொல்ல முடியுமாங்கய்யா?"

விசேஷ வீட்டில் மைக்கைக் கொடுத்தால் பெரியப்பா திருப்பித் தரமாட்டார் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இது குளோரேட். கந்தகத்தோட சேந்து லேசா உரசினாப் போதும், ரூமே இருக்காது. சட்டம் போட்டுத் தடுத்து எத்தனையோ வருஷமாச்சு. வெல கம்மி, சத்தம் சாஸ்தி. அதனால சில திருட்டுப் பயலுக இன்னமும் வாங்குறானுக."

"அப்படி வாங்கி ஒரு விபத்து நடந்தா யாருங்கய்யா பொறுப்பு? மருந்து கலக்க வச்சவரா, வாங்கினவரா?"

"வாங்கினவன்தான். அதுல என்ன சந்தேகம்? கலக்குறவனுக்கு என்னம்மா தெரியும், சாக்குல வந்தத அவன் கலக்குறான். வாங்கினவனத்தான் உள்ள தூக்கிப் போடணும். வெளியவே விடக்கூடாது."

கைதட்டல் எழுந்தது. அனுப்பிரியா அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் மூன்று வரி. 'மாதிரி எட்டு: நூல் சேலை. உடுத்தியவர்: இருளம்மாள், வயது 41. வேலை செய்த இடம்: அச்சங்குளம், எட்டாம் நம்பர் ரூம்.' கீழே தேதி.

திரையைப் படித்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல, முணுமுணுப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் போனது.

"அந்தக் கம்பெனியில சரக்கு வாங்கினது யாரு பெரியப்பா?"

முத்துக்கிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"ஊர்ல இல்லாதது தெரியும். சரக்கு வாங்கினது யாருன்னு கேட்டேன்."

"புரடக்‌ஷன் பாத்தது உங்கப்பன்."

"கலக்குறவனுக்கு என்ன தெரியும்னு இப்பத்தான் சொன்னீக."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "பதில் சொல்லுங்க சார்" என்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். செல்போன்கள் வரிசையாகத் தலைக்கு மேலே வந்தன. பெரியப்பா மைக்கை மேசையில் வைத்தார். அது உருண்டு எழுப்பிய சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. போர்த்திய பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கார்க் கதவு சாத்துகிற ஓசை வரைக்கும் அனுப்பிரியா காதைத் தீட்டிக் கேட்டாள்.

மூன்று வருடமாகப் பட்டினி கிடந்தவள் வயிறாரச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. பரிதாபம் துளிகூட வரவில்லை. வரும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். வரவில்லை.

மேடையின் பக்கவாட்டில் கற்பகவல்லி நின்றிருந்தார்.

"ரிசல்ட் சரி. அதுக்கு மார்க் உண்டு. ஆனா ஒரு மனுஷன அவர் வாயாலயே மாட்ட வைக்க என் மேடையப் பயன்படுத்திக்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதுக்கு நான் கை குடுக்க மாட்டேன்."

"அவரு எங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்பினவரு மேடம்."

"தெரியும். அதனாலதான் காலையில பிளாங்க் பண்ணச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் தங்கப்பாண்டியன் காத்திருந்தான். கையில் மூன்று தாள்.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். கேஸ மறுபடி விசாரிக்கணும்னு. பரிசோதனை பண்ணது நீ. நீ கையெழுத்துப் போடணும்."

"இதக் கேக்கணுமா? குடு."

பேனாவைத் திறந்தவள், வழக்கமாக எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் படித்தாள். முதல் தாளில் பெரியப்பாவின் பெயர். இரண்டாம் தாளில் அப்பாவின் பெயர்.

"இது என்ன?"

"முப்பத்தோராவது வீடு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு உனக்குக் காய்ச்சல், நீ வரல. ஏழாம் நம்பர் ரூம்ல வேல பாத்த அக்கா வீடு. முந்தின நாள் சாக்கப் பிரிச்சது உங்கப்பாதானாம். ஒரு சிட்டிக எடுத்துத் தேச்சுப் பாத்தாராம். மூஞ்சி மாறிப்போச்சாம். 'உரசாம மெதுவா சலிங்கத்தா'ன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிட்டு வெளிய போயிட்டாராம்."

"அந்த வீட்டுல எழுதுன தாள நீ எங்கிட்டத் தரவே இல்லையே."

"தரல."

"ஏன்?"

"தந்திருந்தா நீ அந்தச் சேலையத் தொட்டிருப்பியா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. மாதக்கணக்காக ஒரே மேசையில் நின்று, ஒரே சோதனைக் குழாயைக் கழுவியபோதெல்லாம், அவளுக்குப் பெரியப்பா எப்படியோ அப்படி அவனுக்கு அவளுடைய அப்பா இருந்திருக்கிறார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். நீ போடலன்னாலும் நான் குடுப்பேன். ஆனா நீ போட்டாத்தான் அந்தப் பரிசோதனைக்கு மதிப்பு. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு அங்கன நிப்பேன்" என்று தாள்களை அவள் கையிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அனுப்பிரியா வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. படியேறும்போதே அப்பாவின் குரல் கேட்டது. அவர் இத்தனை சத்தமாகப் பேசி வருடக்கணக்காயிற்று. கருத்தரங்கு வீடியோ அவளுக்கு முன்பே அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. போர்மேன் கைகொடுத்தாராம். கூட வேலை பார்க்கிறவர்கள் காலண்டர் தாளைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்களாம். அப்பா சாத்தூர் காராச்சேவு ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்திருந்தார்.

"வாத்தா, வா. எம்புட்டு நாளாச்சு இந்த மாதிரி ஒரு நாளப் பாத்து. கலக்குறவனுக்கு என்ன தெரியும்னு அண்ணன் வாயாலயே சொல்ல வச்சிட்டியே."

அவர் சிரித்தார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதற்காகத்தான் இத்தனையும்.

"அப்பா, சாக்க நீங்கதான் பிரிச்சீகளா?"

கையில் எடுத்த காராச்சேவை அவர் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டார்.

"முந்தின நாள். தேச்சுப் பாத்தீகளாமே."

அப்பா பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"தெரிஞ்சுச்சு" என்றார். "அண்ணனுக்குப் போன் போட்டேன். வடக்க போற லோடு, ரெண்டு நாள்ல ஏறலன்னா ஆர்டர் போயிரும்னாரு. பத்திரமாப் பாத்துப் பண்ணுன்னாரு. ஒரு நாள் ஓடுச்சு, ஒண்ணும் ஆகல. மறுநாளும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"மறுநாள் நீங்க எங்க இருந்தீக?"

"வெளிய" என்றார். "ரூம விட்டுத் தள்ளி, நெழல்ல நின்னேன்."

அவர் ஏன் மூன்று வருடமாக அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அனுப்பிரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெருந்தன்மை என்றல்லவா அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுக்களை வாசலில் பாண்டிலட்சுமி நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, மகள் கையிலிருந்த தாள்களை வாங்கினாள். கிழித்துவிடுவாள் என்று அனுப்பிரியா நினைத்தாள். ஒருவேளை அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அம்மா விளக்கடியில் உட்கார்ந்து மூன்று தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"அன்னைக்கு ராத்திரி சாப்பிடுறப்பவே எங்கிட்டச் சொன்னாக, சரக்கு சரியில்லன்னு" என்றாள், கணவரைப் பார்க்காமல். "நாளைக்கு யாரையும் உள்ள விடாதீகன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. இன்னொரு கை சோறு போடட்டுமான்னு கேட்டேன்."

"லட்சுமி" என்றார் அப்பா.

அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. தாளின் அடியில், கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள்.

"இதுல சாட்சிக் கையெழுத்து எத்தன பேரு போடலாம் அனு?"